இறந்த பிள்ளைக்குத் தன் பிறந்தநாள் மறக்குமா? காவல்துறைக்கும் இறப்புப் பதிவு அலுவலகங்களுக்கும் ஒரு திறந்த மடல்

கடலூர், புதுச்சேரி இணையவழிக் குற்றப் பிரிவு அதிகாரிகளுக்கும், எல்லையின் இரண்டு பக்கமும் பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகங்களில் பணியாற்றுபவர்களுக்கும் வணக்கம்.

நான் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் சிறியதாக ஓர் அச்சுக் கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, மஞ்சள் நீராட்டு அழைப்பிதழ், ரசீதுப் புத்தகம் எல்லாம் அடிக்கிறோம் என்றாலும், இருபது ஆண்டுகளுக்கு மேலாக எங்களுக்குச் சோறு போடுவது கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிதான். ஒரு வீட்டில் சாவு விழுந்தால் பந்தல்காரருக்கும் மேளக்காரருக்கும் சொல்லியனுப்பும் கையோடு எங்களுக்கும் ஒரு போன் வரும். நடுச்சாமமானாலும் எழுந்து போய்க் கடையைத் திறப்பேன். மேலே படம், அதன் கீழே பெயர், தோற்றம், மறைவு. பிறகு ‘பிரிவால் வாடும்’ என்று தொடங்கி மனைவி, மக்கள், மருமக்கள், பேரப்பிள்ளைகள், பங்காளிகள், தாய்மாமன் என்று ஒருவர் பெயரும் விடாமல் போடுவோம். ஒரு பெயர் விட்டுப்போனால் பந்தலிலேயே மனத்தாங்கல் வந்துவிடும். ஒரு மனிதன் யார் யாருக்கெல்லாம் வேண்டியவனாக இருந்தான் என்பதை ஊருக்குச் சொல்லும் தாள் அது என்றுதான் இத்தனை காலம் நினைத்திருந்தேன். அதே தாளை முகம் தெரியாத சிலர், இறந்தவர் பேசுகிறார் என்று சொல்லித் துக்க வீட்டில் பணம் பறிப்பதற்காக வரி வரியாகப் படிக்கிறார்கள் என்பது இந்தத் தை மாதம்தான் எனக்குத் தெரிந்தது. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு ஆவணியில் ஓர் இளைஞனுக்கு அஞ்சலி அடித்தேன். சாலை விபத்து. வீடு பாகூர் பக்கம், புதுச்சேரி எல்லைக்குள். வேலை பார்த்தது கடலூரில். தகப்பன் இல்லாத பிள்ளை. தாய் காலையில் இட்லிக் கடை போட்டு அவனையும் ஒரு மகளையும் வளர்த்தவர். அவருடைய அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன். அடையாளம் தெரியக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன், நடந்ததை மாற்றவில்லை.

அன்று இரவு ஒன்பது மணிக்கு அந்தப் பையனின் தாய்மாமன் ஒரு துண்டுச் சீட்டில் விவரம் எழுதிக் கொடுத்தார். கை நடுங்க எழுதியிருந்தார். பிறந்த தேதியில் இருந்த 3 என் கண்ணுக்கு 8 ஆகத் தெரிந்தது. ஜூன் 8 என்று அடித்து, ப்ரூஃபை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அவர் அதைச் சரிபார்க்கும் முன்பே உறவுக்காரர்களின் குழுவில் போட்டுவிட்டார். பிள்ளைகள் அதை ஸ்டேட்டஸில் வைத்தார்கள், ஃபேஸ்புக்கில் ஏற்றினார்கள். விடியற்காலையில் யாரோ தவறைக் கண்டுபிடித்துச் சொன்னார்கள். திருத்தி, ஜூன் 3 என்று ஃபிளெக்ஸும் சுவரொட்டியும் அடித்துக் கொடுத்தேன். அதோடு மறந்தும் போனேன்.

தை பிறந்த சில நாட்களில் அந்தப் பையனின் தாயான அக்கா கடைக்கு வந்தார். மகனுடைய படத்தைப் பெரிதாக எடுத்துத் தர வேண்டும், சட்டம் வேண்டாம், வெறும் படம் போதும் என்றார். படத்தை அனுப்பச் சொன்னேன். அவருக்கு அனுப்பத் தெரியவில்லை. போனை என் கையில் கொடுத்தார். படத்தைத் தேடும்போது ஓர் உரையாடல் திறந்துகொண்டது. ‘அம்மா’ என்று தொடங்கும் செய்திகள். எல்லாம் இரவு பதினொன்றுக்கும் இரண்டுக்கும் இடையில் வந்தவை. நான் தலையை நிமிர்த்தியபோது அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மறைக்கவில்லை. கொஞ்சம் தயங்கிவிட்டு, “தம்பி, ஒன்று கேட்கிறேன். செத்துப்போனவர்களுக்குத் தங்கள் பிறந்தநாள் மறந்துபோகுமா?” என்றார்.

ஆன்மாவோடு பேசுகிறவர் என்று சொல்லிக்கொண்ட ஒருவர், மகனே சொல்வதாக, ‘ஜூன் 8-ஆம் தேதி எனக்குப் பாயசம் வைத்துப் படையுங்கள்’ என்று எழுதியிருந்தார். அக்காவுக்கு அந்த 8 தொண்டையில் முள்ளாகச் சிக்கியிருந்தது. கேட்டதற்கு, ‘அகால மரணம் அடைந்த ஆன்மாவுக்கு நாள் கணக்குக் குழம்பும்’ என்று பதில் வந்ததாம். அதை நம்ப முயன்றிருக்கிறார். முழுமையாக முடியவில்லை.

நான் பழைய கோப்பைத் தேடித் திறந்தேன். முதல் ப்ரூஃப் அப்படியே இருந்தது. அதில் ஜூன் 8. உலகத்திலேயே அந்தப் பையன் ஜூன் 8-இல் பிறந்ததாகச் சொன்னது என் கை அடித்த அந்த ஒரு தாள்தான். படையலில் கேட்ட பாயசமும் தங்கை போட்ட ஒரு பழைய பிறந்தநாள் பதிவில் இருந்தது. தங்கையின் செல்லப்பெயர், தாய்மாமன் பெயர், வேலை பார்த்த இடம் எல்லாம் அந்த அஞ்சலியிலும் அதன் கீழே நண்பர்கள் எழுதியவற்றிலும் இருந்தன. கணினித் திரையைத் திருப்பிக் காட்டினேன். அக்கா வெகுநேரம் அந்த எண்ணையே பார்த்தார். கடையிலிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். “நாலு மாதமாக அவன் என்னோடு பேசிக்கொண்டிருக்கிறான் என்று இருந்தேன், தம்பி” என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை.

இது எப்படித் தொடங்கியது என்பதைப் பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். நீங்கள் விசாரிக்கும்போது உதவும் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, வந்தவர்கள் எல்லாம் அவரவர் வீட்டுக்குப் போன பிறகுதான் துக்கம் வீட்டுக்குள் உட்காரும். தூக்கம் வராது. அப்படி ஓர் இரவில் அவருடைய போனில் நேரலை வீடியோ ஒன்று வந்திருக்கிறது. விளக்கு ஏற்றிவைத்துக்கொண்டு ஒருவர், பார்ப்பவர்களின் இறந்த உறவுகளோடு பேசுகிறார். அக்கா ‘என் மகன்’ என்று இரண்டு சொல் எழுதியிருக்கிறார். அரை மணி நேரத்தில் தனிச் செய்தி வந்துவிட்டது. அதே படம், அதே பெயர், ஆனால் பெயரின் கடைசியில் ஓர் எழுத்து கூடுதல். வீடியோவில் பேசியவரும் செய்தி அனுப்பியவரும் ஒருவரா, அவர் பெயரில் வேறு ஒருவர் போலிக் கணக்கு வைத்திருக்கிறாரா என்று இன்றுவரை தெரியாது. அதைக் கண்டுபிடிக்க அந்தத் தாயால் முடியாது. உங்களால் முடியும்.

முதலில் பணமே கேட்கவில்லை. ‘உங்கள் மகன் என்னைத் தேடி வந்தான்’ என்று மட்டும். பிறகு, ‘கனவில் வந்தானா?’ என்று ஒரு கேள்வி. இந்தக் கேள்வியை நான் பலமுறை யோசித்துப் பார்த்தேன். வந்தான் என்றால், ஏதோ சொல்ல வந்திருக்கிறான், அதைக் கேட்டுச் சொல்லக் காணிக்கை. வரவில்லை என்றால், வரவிடாமல் ஏதோ தடுக்கிறது, அந்தக் கட்டை அவிழ்க்கக் காணிக்கை. தாய் எந்தப் பதிலைச் சொன்னாலும் அந்த வழி ஒரு க்யூ.ஆர். குறியீட்டில்தான் போய் முடிகிறது. முதலில் 251 ரூபாய். அடுத்து 2,100. மகாளய அமாவாசைக்குள் செய்தாக வேண்டும் என்று 11,000. அதற்குப் பிறகு ஒரு குரல் பதிவு வந்தது. ஐந்து விநாடி. இரைச்சலுக்கு நடுவே, ‘அம்மா, வலிக்கிறது’. மகனுடைய குரல் மாதிரியே இருந்தது என்கிறார். அவன் பேசிய வீடியோக்கள் அவனுடைய கணக்கிலேயே கிடக்கின்றன. சில விநாடிக் குரல் இருந்தால் அதே குரலில் பேசவைக்கும் கருவிகள் இன்று யார் கையிலும் கிடைக்கின்றன. ஆனால், அதைக் கேட்ட தாய் கருவியையா நினைப்பார்? மறுநாள் காலையில் தோட்டை அடகு வைத்து 18,500 அனுப்பினார். ‘குலதெய்வம் கோபமாக இருக்கிறது, அடுத்தது மகள்’ என்று அடுத்த செய்தி வந்தது. தை அமாவாசைக்குள் 25,000 வேண்டும், சட்டம் போடாத படம் ஒன்றும் வேண்டும். அந்தப் படத்துக்காகத்தான் என் கடைக்கு வந்திருந்தார்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு நிபந்தனை முதல் நாளிலிருந்தே இருந்தது. வீட்டில் யாரிடமும் சொல்லக் கூடாது. சொன்னால் தொடர்பு அறுந்துவிடும். நாலு மாதம் ஒரே கூரையின் கீழ் இருந்த மகளுக்கே தெரியாது.

இதைக் கேட்டவுடன், ‘இதைப் போய் நம்புவார்களா?’ என்றுதான் பலரும் சொல்கிறார்கள். அப்படிச் சொல்பவர்களிடம் எனக்குக் கோபம் வருகிறது. எங்கள் கடைக்கு வரும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் சொல்லித்தான் ஒரு பழைய சம்பவத்தைத் தேடிப் படித்தேன். 1922 ஜூன் மாதம், அமெரிக்காவில் அட்லாண்டிக் சிட்டி. ஹாரி ஹூடினி என்ற உலகப் புகழ் பெற்ற மாயவித்தைக்காரர், தாய் இறந்து ஒன்பது ஆண்டாகியும் துக்கம் ஆறாமல் இருந்தார். அவருடைய நண்பர் ஆர்தர் கோனன் டாயிலின் மனைவி, ஹூடினியின் தாய் தன் கை வழியாக எழுதுகிறார் என்று சொல்லிப் பக்கம் பக்கமாக எழுதித் தந்தார். எழுதியது ஆங்கிலத்தில். அந்தத் தாய்க்கோ ஆங்கிலம் சரியாகத் தெரியாது. அன்று அந்தத் தாயின் பிறந்தநாளும்கூட என்று ஹூடினி பின்னால் சொன்னார். எழுதிய பக்கங்களில் அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. அந்தத் தம்பதி பணத்துக்காக இதைச் செய்யவில்லை. உண்மையாகவே நம்பினார்கள். முதல் உலகப் போர்க் காலத்தில் மகனைப் பறிகொடுத்தவர் கோனன் டாயில். துப்பறியும் கதைகள் எழுதி உலகத்தையே வியக்கவைத்த மூளையே தன் பிள்ளையின் துக்கத்தின் முன்னால் நம்பிக்கைக்கு இடம் கொடுத்தது. பாகூர்ப் பக்கத்து இட்லிக் கடைக்காரத் தாயை அறிவில்லாதவர் என்று யாரும் சொல்ல வேண்டாம். அந்த 8-ஐப் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்டவர் அவர்தான்.

அஞ்சலித் தாள் கிடைக்காவிட்டாலும் இவர்கள் பிழைத்துக்கொள்வார்கள். 1948-இல் பெர்ட்ராம் ஃபோரர் என்ற உளவியலாளர் தம் மாணவர்கள் ஒவ்வொருவருக்கும் ‘உன் குணநலன் இது’ என்று ஒரு குறிப்பைக் கொடுத்து, எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. அத்தனை பேருக்கும் அவர் கொடுத்திருந்தது ஒரே குறிப்பு. ‘கடைசி நேரத்தில் நெஞ்சில் ஓர் அழுத்தம் இருந்தது’, ‘உங்களிடம் சொல்ல வந்ததைச் சொல்லாமலே போய்விட்டார்’, ‘அவருடைய ஒரு பொருளை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறீர்கள்’ என்றால் எந்த வீட்டுக்குத்தான் பொருந்தாது? பகுத்தறிவாளர் ஆபிரகாம் கோவூர் 1963-இல் இலங்கையில், அமானுஷ்ய சக்தியை நிரூபிப்பவருக்கு ஒரு லட்சம் ரூபாய் என்று அறிவித்தார். அவருக்குப் பிறகு கோவை போத்தனூரில் இருந்த பிரேமானந்த் அந்தச் சவாலைத் தொடர்ந்தார். அந்தப் பரிசை எவரும் எடுத்துப்போகவில்லை.

நான் சாமி கும்பிடுகிறவன். ஆடி அமாவாசைக்குத் தேவனாம்பட்டினம் கடற்கரையில் என் அப்பாவுக்குத் திதி கொடுத்துவிட்டுத்தான் அன்று சாப்பிடுவேன். கல்லறைத் திருநாளான நவம்பர் 2-ஆம் தேதி புதுச்சேரி உப்பளம் கல்லறையில் பூவும் மெழுகுவத்தியுமாக நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். இறந்தவர்களோடு பேச நமக்கு வழி இல்லாமல் இல்லை. படையல் போட்டு, பிடித்ததைச் சமைத்து வைத்து, ஒப்பாரியில் திட்டியும் கொஞ்சியும் பேசத்தான் செய்கிறோம். அவர்கள் பதில் பேச வேண்டும் என்று அங்கே யாரும் விலை வைப்பதில்லை. விடியலில் வரும் குடுகுடுப்பைக்காரர்கூட வாசலில் முகம் காட்டி நின்று, கொடுத்த அரிசியையும் பழைய சட்டையையும் வாங்கிக்கொண்டு போவார். பிடிக்காத வார்த்தை சொன்னால் திண்ணையில் இருக்கும் கிழவி அதட்டுவார். இந்தக் கணக்குக்காரர்களை அதட்ட அந்த நடுராத்திரியில் யாரும் பக்கத்தில் இல்லை. ஆகவே, நம்பிக்கையில் கைவைக்கிறோமோ என்று நீங்கள் தயங்க வேண்டாம். பிணத்தின் மேல் போர்த்திய துணியை உருவிக்கொண்டு ஓடுபவனைப் பிடிப்பதற்கு எந்த மதமும் குறுக்கே நிற்காது.

இனி நாங்கள் புகார் கொடுக்கப் போன கதை. எந்தக் காவல் நிலையம், யார் இருந்தார்கள் என்று எழுதப்போவதில்லை. ஒருவரை மாட்டிவிடுவது என் நோக்கம் அல்ல. அக்காவோடு நானும் போனேன். முதல் நிலையத்தில், “வீடு அந்தப் பக்கம் இருக்கிறது, அங்கே போய்க் கொடுங்கள்” என்றார்கள். பஸ் ஏறி, எல்லையில் இருக்கும் முள்ளோடையைத் தாண்டிப் போனோம். அங்கே, “பணம் போனது கடலூர் வங்கிக் கணக்கிலிருந்து, அங்கேதான் கொடுக்க வேண்டும்” என்றார்கள். மறுபடி வந்தோம். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த ஒருவர், நடந்ததைக் கேட்டுவிட்டுப் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துச் சிரித்தார். “ஆவிக்கு எதற்கம்மா ஜிபே?” என்றார். அவர் கெட்ட மனிதர் அல்ல, நாங்கள் காத்திருந்தபோது தண்ணீர் கொடுத்தவரும் அவர்தான். ஆனால், அந்தச் சிரிப்புக்குப் பிறகு அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு எழுந்துவிட்டார். எவ்வளவு சொல்லியும் உட்காரவில்லை. அன்று புகார் பதிவாகவில்லை.

ஐயா, அம்மா, நீங்கள் யாரைப் பிடிக்க வேண்டுமோ அவர்களுக்கு அந்தச் சிரிப்பைப் போன்ற பாதுகாப்பு வேறு இல்லை. யாரிடமும் சொல்லாதே என்று அவர்கள் போட்ட பூட்டுக்கு, நிலையத்தில் கிடைத்த அவமானம் இரண்டாவது பூட்டாகிவிட்டது.

சட்டத்தை உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் அலைந்த அந்த இரண்டு நாளில் ஒருவரும் அக்காவுக்குச் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவு, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் வந்த இடத்திலேயே தகவலைப் பதிவு செய்யலாம் என்கிறது. முள்ளோடைக்கு அந்தப் பக்கமா இந்தப் பக்கமா என்ற கேள்வியைப் புகார் கொடுப்பவரின் தலையில் ஏற்ற வேண்டியதில்லை. ஏமாற்றிப் பணம் பறித்ததற்குத் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆம் பிரிவு இருக்கிறது. ‘அடுத்தது மகள்’ என்று பயமுறுத்திப் பணம் கேட்டதற்கு 308 இருக்கிறது. தெய்வத்தின் கோபத்துக்கு ஆளாவாய் என்று நம்பவைத்துக் காரியம் சாதிப்பதற்கென்றே 354-ஆம் பிரிவு இருக்கிறது. ‘குலதெய்வம் கோபமாக இருக்கிறது’ என்ற அந்தச் செய்தி அக்காவின் போனில் இன்னும் அழியாமல் இருக்கிறது. இன்னொருவர் பெயரில் கணக்கு வைத்துக் கணினி வழியாக ஏமாற்றினால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66டி, மூன்று ஆண்டு வரை சிறை. மூட நம்பிக்கைச் சுரண்டலுக்கு எதிராக மகாராஷ்டிரம் 2013-இலும் கர்நாடகம் 2017-இலும் தனிச் சட்டமே கொண்டுவந்தன. நான் அவ்வளவு தூரம் போகவில்லை. கையில் இருக்கும் பிரிவுகளைக் கொண்டு ஒரு முதல் தகவல் அறிக்கை போடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

பணம் போன உடனே, இணையவழிப் பண மோசடிக்கான உதவி எண் 1930-க்கு அழைத்திருந்தால் போய்ச் சேர்ந்த கணக்கை முடக்க வாய்ப்பு இருந்திருக்கும். அக்காவுக்கு அந்த எண் தெரியாது. தெரிந்திருந்தாலும் அழைத்திருக்க மாட்டார், ஏனென்றால் தான் ஏமாற்றப்படுகிறோம் என்று அவருக்குத் தோன்றவில்லை. பள்ளிகளிலும் பஸ் நிலையத்திலும் நீங்கள் நடத்தும் விழிப்புணர்வுக் கூட்டங்களைப் பார்க்கிறேன். ஓ.டி.பி. சொல்லாதீர்கள், கடன் செயலியை நம்பாதீர்கள், டிஜிட்டல் கைது என்று ஒன்று கிடையாது என்கிறீர்கள். எல்லாம் தேவைதான். துக்க வீட்டைக் குறிவைப்பவர்களைப் பற்றி ஒரு வாக்கியத்தை நான் இதுவரை கேட்டதில்லை. அதோடு, துக்கத்தில் இருப்பவர் கூட்டத்துக்கு வரமாட்டார். அவர் எங்கே வருவார் என்பதை யோசித்துப் பார்த்தேன்.

சாவு நடந்த வீட்டிலிருந்து யாராவது ஒருவர் கட்டாயம் ஒரு சாளரத்தின் முன்னால் வந்து நிற்கிறார். இறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். சான்றிதழை இப்போது இணையத்தில் எடுத்துக்கொள்ளலாம் என்றாலும், பெயரில் ஓர் எழுத்துத் தவறினால் அலுவலகத்துக்கு நடக்க வேண்டியிருக்கிறது. பிறகு வாரிசுச் சான்றிதழுக்குத் தாலுகா அலுவலகம். விபத்துச் சாவு என்றால் அரசு மருத்துவமனையில் பிணவறை வாசல். கடலூர் மாநகராட்சி, புதுச்சேரி நகராட்சி, உழவர்கரை நகராட்சி, கொம்யூன் பஞ்சாயத்துகள், தாலுகா அலுவலகங்கள் என்று இந்த இடங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஒவ்வொரு துக்க வீடும் அங்கே வந்துதான் தீர வேண்டும். ஏமாற்றுபவர்கள் சந்திப்பதற்கு முன்பே அந்தக் குடும்பத்தை நேருக்கு நேர் சந்திக்கும் ஒரே அரசு ஊழியர் அந்தச் சாளரத்துக்குப் பின்னால் இருப்பவர்தான்.

அவர் கையில் அரைப் பக்கத் தாள் ஒன்று இருக்கட்டும். சான்றிதழோடு சேர்த்துக் கொடுக்கட்டும். அதில் என்ன இருக்க வேண்டும் என்று நான் எழுதிப் பார்த்தேன்: உங்கள் வீட்டில் நேர்ந்த இழப்புக்கு எங்கள் அனுதாபம். இறந்தவர் பேசுகிறார் என்று சொல்லி யாராவது உங்களைத் தொடர்புகொள்ளலாம். அவர்கள் சொல்லும் விவரங்கள் அஞ்சலிச் சுவரொட்டியிலிருந்தும் உங்கள் உறவினர்களின் பதிவுகளிலிருந்தும் எடுத்தவையாக இருக்கும். வீட்டில் யாரிடமும் சொல்லாதே என்றால் உடனே ஒருவரிடம் சொல்லுங்கள். பணம் அனுப்பியிருந்தால் 1930. எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம், யாரும் உங்களைக் கேலி செய்யமாட்டார்கள். இரவில் தூக்கம் வராமல் மனம் பாரமாக இருந்தால் 14416-க்கு அழைத்துத் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.

கடைசி வரியை அக்காதான் சேர்க்கச் சொன்னார். டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண் அது. அந்த எண்ணை நான் எழுதிக் கொடுத்தபோது, “ராத்திரி ஒரு மணிக்கும் எடுப்பார்களா?” என்று கேட்டார். எடுப்பார்கள் என்றேன். பதினொன்றுக்கும் இரண்டுக்கும் இடையில் பேச ஓர் ஆள் வேண்டும் என்பதுதான் அவருடைய தேவையாக இருந்தது. அதை விற்றுத்தான் 31,851 ரூபாயைப் பிடுங்கினார்கள்.

இந்தத் தாள் மீனவர் குப்பங்களுக்கும் போக வேண்டும். 2004 சுனாமியில் இந்த மாவட்டம் அறுநூறுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொடுத்தது. தேவனாம்பட்டினத்தில் உடலைக் கண்டு அடக்கம் செய்தவர்கள் அழுது தீர்த்தார்கள். உடல் கிடைக்காத வீடுகளில் ஆண்டுக்கணக்கில் கதவைத் தாழிடாமல் தூங்கினார்கள். கடலுக்குப் போய்த் திரும்பாதவரை இறந்தவராகச் சட்டம் கருதுவதற்குப் பொதுவாக ஏழு ஆண்டு காத்திருக்க வேண்டும். ‘உயிரோடுதான் இருக்கிறார், இடம் சொல்கிறேன்’ என்று ஒருவன் செய்தி அனுப்பினால் அந்த வீட்டில் எதைத்தான் விற்காமல் இருப்பார்கள்?

சமூக ஊடக நிறுவனங்களுக்கும் பொறுப்பு உண்டு. 2021-ஆம் ஆண்டு விதிகளின்படி அவர்கள் குறைதீர் அதிகாரி வைத்திருக்க வேண்டும். அக்காவின் மகள் அந்தப் போலிக் கணக்கைப் பற்றிப் புகார் அனுப்பினாள். தானாக வரும் பதில் ஒன்று வந்தது. ஒரு கல்லூரிப் பெண் எழுதுவதற்கும் நீங்கள் உங்கள் முத்திரையோடு எழுதுவதற்கும் வித்தியாசம் இருக்கும் என்று நம்புகிறேன். முடக்கச் சொல்வதற்கு முன்னால் அந்தக் கணக்கின் விவரங்களைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். முடங்கிய கணக்கு நாளைக்கு இன்னோர் எழுத்தைச் சேர்த்துக்கொண்டு வந்துவிடும்.

எங்கள் தொழிலில் நாங்கள் செய்ய வேண்டியதைத் தொடங்கிவிட்டோம். லாரன்ஸ் ரோட்டுப் பக்கம் இருக்கும் சில கடைக்காரர்களோடு பேசினேன். இப்போது என் கடையில் தோற்றம், மறைவு என்ற இடத்தில் ஆண்டை மட்டும் போடுகிறேன். போன் எண்கள் போடுவதில்லை. சிறு பிள்ளைகளின் பெயருக்குப் பதில் ‘பேரப்பிள்ளைகள்’ என்று நிறுத்திக்கொள்ளலாமா என்று கேட்கிறேன். ஏன் என்று கேட்பவர்களுக்குக் காரணம் சொல்கிறேன். சிலர் கோபப்படுகிறார்கள். பெயர் போட வேண்டும் என்கிறார்கள், போட்டுத் தருகிறேன். அவர்கள் வீட்டுத் துக்கம், அவர்கள் விருப்பம். ப்ரூஃபை மட்டும் ஒருவருக்கு மேல் அனுப்ப வேண்டாம் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். அந்த ஜூன் 8 என் கையால் போனது என்பதை என்னால் மறக்க முடியவில்லை.

அக்கா மறுபடி புகார் கொடுக்கச் சம்மதித்திருக்கிறார். செய்திகள், குரல் பதிவு, பணம் அனுப்பிய ரசீதுகள், என்னிடமுள்ள முதல் ப்ரூஃப், அதை உருவாக்கிய நேரம் எல்லாவற்றையும் தேதி வாரியாகப் பிரதி எடுத்து ஒரு கோப்பில் வைத்திருக்கிறோம். எந்தப் பக்கத்து நிலையத்துக்கு வர வேண்டும் என்று நீங்கள் ஒரு நாளைச் சொன்னால் இருவரும் வருகிறோம். ஒரு பெண் அதிகாரி உட்கார்ந்து கேட்டால் நன்றாக இருக்கும். காலை பத்து மணிக்குப் பிறகு என்றால் இட்லிக் கடையை எடுத்துவைத்துவிட்டு வந்துவிடுவார்.

அந்த அரைப் பக்கத் தாளின் முதல் ஐயாயிரம் பிரதிகளை நான் என் செலவில் அச்சிட்டுத் தருகிறேன். மேலே நான் எழுதிய வாசகத்தைத் திருத்தி, உங்கள் இலச்சினையோடும் கையெழுத்தோடும் அனுப்புங்கள். காகிதம் வாங்கி வைத்திருக்கிறேன். வந்த இரண்டாம் நாள் கட்டுக் கட்டாகப் பிரித்து ஒவ்வோர் அலுவலகத்திலும் நானே கொண்டுவந்து கொடுக்கிறேன். ப்ரூஃபை மட்டும் உங்களில் ஒருவர் எழுத்து எழுத்தாகப் பார்த்துச் சரி சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
கண்ணீர் அஞ்சலி அச்சிடும் ஒரு கடைக்காரர்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.